யார் வீட்டுப் புழு?

போன வாரம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பூச்சியைப் போட்டோ எடுத்தால் பேர் சொல்லும் ஆப் ஒன்று செல்போனில் வந்திருக்கிறதாம். வாசல் விளக்கடியில் கிடந்த ஒரு கறுப்பு வண்டைப் படம் பிடித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அது லத்தீனில் ஒரு பேரைச் சொல்லிவிட்டது. "மேடம், சரியா?" என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

"முதுகைக் காட்டினா முதுகுக்கு ஒரு பேர் சொல்லுது. வயித்தைக் காட்டினீங்களா?" என்றேன்.

சிரித்தார்கள். போகும்போது எங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஆண்டு மலருக்கு என் வேலைக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன், மாடியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்குகிறேன். இரண்டு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை நடக்க வேண்டியிருக்கிறது.

நான் பிறவியிலேயே இப்படித்தான். காலில் சக்கரம் கட்டியவள் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னை நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரும் வேலையில் போட்டது யார் செய்த குறும்போ தெரியவில்லை. தஞ்சாவூரை ஒட்டிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளை அடையாளம் சொல்லும் பிரிவு. விலங்கியல் படித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் நெல்லோடு போயின. குருத்துப்பூச்சி, தத்துப்பூச்சி, கதிர்நாவாய்ப்பூச்சி என்று ஊசி குத்திக் குத்தியே விரல் காய்த்துப்போனது. அதைச் சொல்லிக் கழுத்தறுக்க மாட்டேன். வரதராஜன் சார் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்த பிறகுதான் நான் வேலை என்று ஒன்றைக் கற்றேன்.

சார் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பாட்டில் கழுவ வருபவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். ஆனால் அவர் அறைக்குள் நுழைய எல்லாரும் தயங்குவார்கள். காரணம், 'மாதிரி' என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. "இது அந்த வண்டு மாதிரி இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அறையை விட்டு வெளியே போய்விடுவார். நாம் நம் தப்போடு தனியாக நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து பார்க்கலாம் என்று வீட்டில் முயற்சி செய்தேன். காலைச் சாம்பாரிலேயே தோற்றுப்போனேன்.

இன்னொன்று, அவர் பேரைக் கேட்கவே மாட்டார். பூச்சியின் கீழே ஊசியில் குத்தியிருக்கும் பேர்ச்சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "சகாயமேரி, பேர் வேண்டாம். உடம்பைச் சொல்லுங்க" என்பார்.

அவருக்கு உயிர் சொடக்கு வண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீளமாக, ஒடுக்கமாக, பழுப்பிலோ கறுப்பிலோ மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். மல்லாந்து விழுந்தால் மற்ற வண்டுகளைப் போலக் காலை உதைத்துக்கொண்டு கிடக்காது. உடம்பை வில்லாக வளைத்து 'டக்' என்று எம்பி நிமிர்ந்துவிடும். அந்தச் சத்தம் நெஞ்சுக்கு அடியிலிருந்து வருகிறது. அங்கே பின்னோக்கி நீண்ட ஒரு முள், அதற்கு நேர் பின்னால் ஒரு குழி. முள் குழியின் விளிம்பில் தொற்றி நின்று, நழுவி உள்ளே விழும் வேகத்தில்தான் வண்டு துள்ளுகிறது. முள்ளும் குழியும் இருந்தால் இந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளலாம்.

குடும்பத்துக்குள் யார் எவர் என்று பிரிக்கும்போதுதான் மண்டை காயும். முதுகுக் கவசத்தின் பின்மூலைகள் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன? உணர்கொம்பு ரம்பமா, சீப்பா, வெறும் மணிக்கோவையா? நெற்றியின் முன்விளிம்பு முழுசாக ஓடுகிறதா, நடுவில் அறுபடுகிறதா? கால் நகம் வழவழப்பா, அடியில் சீப்புப் பல் உண்டா? மேலே இருப்பது முடியா, செதிலா? உணர்கொம்பை மடித்து வைத்துக்கொள்ள நெஞ்சுக்கடியில் வாய்க்கால் வெட்டியிருக்கிறதா? இத்தனைக்கும் பதில் பெரும்பாலும் வண்டின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அதனால் சின்ன வண்டை அட்டையில் குப்புற ஒட்டக் கூடாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியை லேசாக மடக்கி, வண்டின் வலது விலாவில் மட்டும் பசை தொட்டு ஒட்ட வேண்டும். புதிதாக வந்த ஒருவர் ஒரு பெட்டி நிறையக் குப்புற ஒட்டிவைத்தார். சார் பார்த்துவிட்டு, "எல்லாரையும் தூங்க வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அத்தனையையும் வெந்நீர் ஆவியில் ஊற வைத்துப் பிரித்து மறுபடி ஒட்டினோம்.

இந்த வண்டின் குட்டிதான் கம்பிப்புழு. மண்ணுக்குள் இருக்கும், மஞ்சளாக, கம்பித் துண்டாக விறைத்திருக்கும். அதிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. வேறொரு வண்டுக் குடும்பத்தின் புழு அச்சில் வார்த்தது போல் இப்படியே இருக்கும். தலையின் முன்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தனியாக அசையும் மேலுதடு இருந்தால் அது அந்த வீட்டுப் புழு. உதடு இல்லாமல் நெற்றியே முன்னால் பல்லாக நீண்டிருந்தால் நம் வீட்டுப் புழு. அதன் பிறகு வாலைப் பார்க்க வேண்டும். சிலதுக்கு வால் கூர்ந்து முடியும். சிலதுக்கு நடுவில் பிளந்து கவையாக இருக்கும். இந்த இரண்டு வாலுக்கு நடுவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலையில் ராமலிங்கம் என்ற விவசாயி மனைவியோடு வந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரர். குவைத்தில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் அங்கே இருந்த காலமெல்லாம் தரிசாகக் கிடந்த நிலத்தை உழுது முதல் தடவையாகக் கரும்பு போட்டிருந்தார். நட்ட கரும்புத் துண்டுகளில், அதாவது கரணைகளில், பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்தவற்றிலும் குருத்து காய்ந்து நின்றது. ஊறுகாய் பாட்டில் ஒன்றை என் மேஜையில் டொக்கென்று வைத்தார். உள்ளே மண்ணெண்ணெய். அதில் சில வண்டுகளும் சில புழுக்களும் மிதந்தன.

"இந்த வண்டு என் மச்சான் எருக்குழியில எடுத்தது. இந்தப் புழு என் கரணைக்குள்ள இருந்தது. தாயும் புள்ளையும். அவரு அனுப்புன எருவுலதான் இது என் வயலுக்கு வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க மேடம்."

மனைவி தனலட்சுமி பாட்டிலைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றார். ராமலிங்கம் வண்டியை நிழலில் நிறுத்தப் போனதும் என் பக்கம் வந்தார்.

"பொண்ணுக்கு வர்ற மாசம் கல்யாணம் மேடம். என் அண்ணன் கலியபெருமாள்தான் அவ்வளவு எருவையும் கொண்டாந்து கொட்டுனாரு, 'தங்கச்சி முத வெள்ளாம வைக்கிறா'ன்னு. இப்ப இவரு ஊரைக் கூட்டி, மச்சான் எருவுல புழுவை வச்சு அனுப்பிட்டாருன்னு பேசிட்டாரு. அண்ணன் 'அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்'னுட்டாரு. இவரு 'வராட்டிப் போகட்டும்'னுட்டாரு. தாய்மாமன் இல்லாம எம்பொண்ணை எப்படி மணையில உக்கார வைப்பேன்? எதுவா இருந்தாலும் சரி, சீக்கிரம் சொல்லுங்க."

இதைக் கேட்ட பிறகு எனக்கு உட்கார முடியுமா? அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பாட்டிலைத் திறந்துவிட்டேன். மண்ணெண்ணெயில் ஊறிப் புழுக்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. இருந்தாலும் வால் கூர் என்று தெரிந்தது. வண்டுக்கு மேலெல்லாம் செதில், நெஞ்சுக்கடியில் உணர்கொம்புக்கு வாய்க்கால். அந்த வகை வண்டின் புழுவுக்குக் கவைவால் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்படியானால் இவை தாயும் பிள்ளையும் இல்லை. மச்சான் மேல் பழியில்லை. நான் சார் அறைக்கு ஓடினேன்.

முழுசாகக் கேட்டார். பிறகு, "இந்த வண்டோட புழுவை நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார்.

"புத்தகத்துல இருக்கு சார்."

"புத்தகம் எழுதினவர் இந்த எருக்குழியைப் பாத்தாரா?"

"சார், கல்யாணம் வருது."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு அவர் அந்தக் குழியில ஒரு கூர்வாலைத் தோண்டி எடுத்துட்டு வந்து நின்னா, நீங்க அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பீங்க? குழியையும் பாக்கணும், வயலையும் பாக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவருக்கு மனுஷர்கள் கண்ணில் படவே மாட்டார்களா என்று இருந்தது. ஜீப் கிடைக்க இரண்டொரு நாள் ஆனது. அதுவரை நான் அந்த ஆபீஸ் வராந்தாவை நடந்தே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் கலியபெருமாள் வீடு. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

"நீங்க ஓரத்துல கொஞ்சம் எடுத்துக் குடுத்தா போதுங்க" என்றார் சார்.

"ஓரத்துல எடுத்தா அடியில மறைச்சு வச்சிருக்கேன்னு சொல்லுவாங்க. அடிவரைக்கும் பாத்துட்டுப் போங்க."

தலை நரைத்த அந்த மனுஷர் எருக்குழி முழுவதையும் வெட்டி வெளியே போட்டார். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. நாங்கள் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொரு கூடையாகச் சலித்தோம். வளைந்து கிடக்கும் கொழுத்த வெள்ளை எருப்புழுக்கள் நிறைய வந்தன. அவற்றுக்கு நடுவில் கம்பிப்புழுக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் லென்ஸில் வைத்துப் பார்த்தோம். எல்லாம் கவைவால். ஒன்று எருப்புழுவின் விலாவைக் கடித்துக்கொண்டு விடாமல் அப்படியே துணியில் விழுந்தது. கூர்வால் ஒன்றுகூட இல்லை. சார் அடிமண்ணையும் ஒரு கூடை அள்ளச் சொன்னார். அதிலும் இல்லை.

"இது செடியைத் தின்னாதுங்க. உங்க எருப்புழுவைத் தின்னுட்டு இருக்கு" என்றார் சார்.

கலியபெருமாள் அதைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "அங்க போய்ச் சொல்லுங்க" என்று குழாயடிக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து ராமலிங்கத்தின் வயலுக்குப் போனோம். மேற்கே வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஒரு மழை அடித்தால் சலிக்கும் வேலை நடக்காது. சார் கரும்புப் பார் மேட்டில் குந்தி, செத்த கரணைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தார். கணுவில் துளை, துளைக்குள் மஞ்சள் புழு. உதடு இல்லை, வால் கூர். அதுவரை சரி. ஆனால் அது எருவோடு வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது? ராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் தனலட்சுமி. "குழியில இருந்ததெல்லாம் இங்க வந்துட்டா அங்க எப்படி இருக்கும்?" என்றார்.

சார் அவசரமில்லாமல் அடுத்த கரணையைப் பிளந்தார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வாய்க்கால் ஓரம் திரும்பும் இடத்தில், டிராக்டர் நுழைய முடியாமல் உழாமல் விட்ட ஒரு துண்டு கிடந்தது. பழைய தரிசு அப்படியே இருந்தது. அருகும் கோரையும் பாய் விரித்தது போல் மண்டிக் கிடந்தன. எரு கொட்டிய தடமே இல்லை. தனலட்சுமியிடம் களைவெட்டியை வாங்கி வந்து ஒரு பிடிப் புல்லை வேரோடு பெயர்த்தேன். வேருக்குள் கம்பிப்புழுக்கள். நூல் பருமனில் குஞ்சு, அதற்கு மேல் ஒரு அளவு, அதற்கும் மேல் பென்சில் முனைப் பருமனில் முற்றியது. எல்லாம் கூர்வால். நான் "சார்!" என்று கத்திய சத்தத்தில் வாய்க்காலில் நின்ற கொக்குகள் எழுந்து போயின.

சார் வந்தார். குஞ்சையும் முற்றியதையும் பக்கத்துப் பக்கத்தில் தட்டில் வைத்தார். குழியில் எடுத்த கவைவாலை அவற்றுக்கு நேரே வைத்தார். லென்ஸை ராமலிங்கத்திடம் நீட்டினார்.

"வாலை மட்டும் பாருங்க."

அவர் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி லென்ஸை வைத்தார்.

"அங்க ரெட்டையா பிரிஞ்சிருக்கு. இங்க இல்லை."

"ஆமாங்க. இது வேற, அது வேற. அதுமட்டுமில்லை, இவ்வளவு பெருசா வளர இந்தப் புழுவுக்கு வருஷக்கணக்கு ஆகும். நீங்க எரு கொட்டினது இப்பத்தானே? நிலம் புல்லாக் கிடந்தப்ப வேரைத் தின்னு இங்கயே வளந்திருக்கு. புல்லை உழுதுட்டுக் கரணையை வச்சீங்க. அதுக்கு வேற சாப்பாடு இல்லை."

"அப்ப, நான் குவைத்துல இருந்தப்ப..."

அவர் முடிக்காமல் குனிந்து, பெயர்த்த புல்லின் வேரைக் கையில் உதிர்த்தார். மழை தூறத் தொடங்கியதும் மனைவியிடம் திரும்பி, "உங்க அண்ணனுக்குப் போன் போடு" என்றார்.

"நீங்க போடுங்க" என்றார் தனலட்சுமி. அவ்வளவு நேரத்தில் அந்த அம்மா சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

சார் அறிக்கையில் எந்தப் பூச்சிப் பேரையும் எழுதவில்லை. எருக்குழியில் உள்ளதும் வயலில் உள்ளதும் ஒரே இனம் அல்ல, வயலில் உள்ளது அந்த நிலத்திலேயே வளர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயல் புழுவைத் தகர டப்பாவில் மண் போட்டு வளர்த்தோம். அது வண்டாகி வெளியே வர மாதக்கணக்காயிற்று. நகத்தில் சீப்புப் பல் வரிசை தெரிந்த பிறகுதான் பேனாவைத் திறந்து பேரை எழுதினார். ஆப் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம். சரியாகச் சொல்லியிருக்குமா என்பது இன்னொரு விஷயம்.

கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் பத்திரிகை வந்தது. "புழுவுக்குத்தான் நான். கல்யாணத்துக்கு நீங்க போங்க" என்றார் சார். போனேன். ராமலிங்கம் போன் போட்டதோடு நிற்காமல் வெற்றிலை பாக்குப் பழத்தோடு அக்கரைக்கே போய் அழைத்துவிட்டு வந்ததாக தனலட்சுமி வாசலிலேயே சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

கலியபெருமாள் வந்தார். சீர்த்தட்டுகளோடு மேளம் முன்னால் வர வந்தார். தங்கை மகளுக்கு மாலை போட்டார், அவள் நெற்றியில் பட்டம் கட்டினார், கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். தாலி ஏறியபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது. நம் வேலைக்கு இப்படி ஒரு பலன் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகவே இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பந்தி போட்டார்கள். ராமலிங்கம் வாசலுக்கும் பந்திக்குமாக அலைந்தார். "மச்சான் எங்க? மச்சானைப் பாத்தீங்களா?" முதல் வரிசையில் ஒரு இலையில் யாரையும் உட்கார விடாமல் தனலட்சுமி நின்றார். பந்தி முடிந்தது. அடுத்த பந்திக்கும் அந்த இலை அப்படியே இருந்தது. கை நனைக்காமலே கலியபெருமாள் போய்விட்டிருந்தார்.

நான் இரண்டு கவளத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன். பஸ்ஸுக்கு நடந்தேன். ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் பட்டு வேட்டியோடு கலியபெருமாள் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார், உட்கார்ந்தேன்.

"அங்க எல்லாரும் உங்களைத் தேடுறாங்க" என்றேன்.

"தெரியும் மேடம். மாமனாப் போனேன், அது எம்புள்ளைக்கு. விருந்தாளியாப் போகலை."

"அதான் உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே. அவரே வந்து அழைச்சாரே."

அவர் பன்னைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் குரலில்தான் கேட்டார்.

"வந்தாரு. 'உங்க குழியில அந்தப் புழு இல்லை மச்சான், கண்ணாடியில நானே பாத்தேன்'னாரு. சரி. இருந்திருந்தா? எங்குழியில புழு இருக்குறது எனக்குத் தெரியுமா? என் தங்கச்சி வயலை அழிக்கவா நான் வண்டி கட்டுனேன்? புழு எந்தக் குழியிலன்னு பாக்க இவ்வளவு பேரு வந்தீங்க. இதை ஒருத்தரும் கேக்கலையே மேடம்."

அவர் ஊர் பஸ் வந்தது. காலிச் சீர்த்தட்டுகளைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு ஏறினார். கடைக்காரர் வந்து, "அம்மா, உங்களுக்கு டீயா?" என்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.